என் நோட்டில் ஒரு பெயர்தான் இருந்தது

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் மாறுவேடப் போட்டி என்று வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்த அன்றைக்கே "நான் கல்பனா சாவ்லா" என்று முடிவு சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் இது வழக்கமான வேடம்தான். ஒரு பாரதியார், ஒரு ஜான்சி ராணி, ஒரு கேரட், ஒரு கல்பனா சாவ்லா இல்லாமல் எந்த மேடையும் முடிவதில்லை.

ஆரஞ்சு நிறத்தில் மூன்று மீட்டர் துணி எடுத்துக்கொண்டு தெருமுனை டெய்லர் அண்ணனிடம் போனேன். அளவெடுத்துவிட்டு, "நெஞ்சுல ஒரு பேட்ஜ் இருக்கும்லம்மா, அதுல என்ன வரும்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த பேட்ஜ் தெரியும் ஒரு படம் என்னிடம் இருக்கிறது என்று மட்டும் ஞாபகம் வந்தது. அந்த வாரம் விருதுநகர் போனபோது, அம்மா வீட்டுப் பரணில் ஏறிப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு நீள நோட்டைத் தேடி எடுத்தேன். 2003இல் நான் பிளஸ் டூ படிக்கும்போது பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய நோட்டு. சோற்றுப் பசையில் ஒட்டியது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது.

முதல் பக்கத்தில், கொலம்பியா விண்கலத்தில் கடைசியாகப் போன ஏழு பேரும் ஆரஞ்சு உடையில் நிற்கும் படம். அதில் ஒருவரைச் சுற்றி மட்டும் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருக்கிறேன். கீழே என் கையெழுத்தில் ஒரே ஒரு பெயர். மற்ற ஆறு பேர் யார் என்று அந்த நோட்டில் எங்கேயும் நான் எழுதவில்லை. அறுபது பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். அந்த ஆறு பெயர்கள் எனக்குத் தேவைப்படவே இல்லை என்பதைப் பரணுக்குக் கீழே உட்கார்ந்து நினைத்தபோது கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று சனிக்கிழமை. 2003 பிப்ரவரி 1. செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால் நான் இயற்பியல் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். நம் நேரப்படி இரவு 7.46க்குக் கொலம்பியா விண்கலம் ஃபுளோரிடாவில் தரையிறங்கியிருக்க வேண்டும். ஏழரை மணிக்கே டெக்சாஸ் வானத்தில் அது சிதறிவிட்டது. பூமிக்கு மேலே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் உயரம். ஒலியைப்போல 18 மடங்கு வேகம். ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர்களுக்குக் கடைசியாகக் கேட்டது கமாண்டர் ரிக் ஹஸ்பண்டின் குரல். பாதி வார்த்தையில் நின்றுவிட்டது.

எட்டு மணிச் செய்தியில் அந்த வெள்ளைக் கோடுகளைக் காட்டினார்கள். நீல வானத்தில் ஒரு கோடு வருகிறது, இரண்டாகிறது, நாலாகிறது. பார்க்க அழகாக இருந்தது என்பதுதான் பயங்கரம். அம்மா அடுப்பில் தோசையை விட்டுவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தார். தோசை கருகும் வாசம் வந்த பிறகும் நகரவில்லை. "பெத்தவ எப்படித் தாங்குவா" என்று மட்டும் சொன்னார். அப்போது ஊரிலிருந்து வந்திருந்த மாமா, "அவங்க அமெரிக்க சிட்டிசன் ஆயிட்டாங்களே, நாம எதுக்கு இவ்வளவு..." என்று ஆரம்பித்தார். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கேள்வி அந்த வாரம் முழுக்க நாடு முழுக்கக் கேட்டது. ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த பெண், சண்டிகரில் விமானப் பொறியியல் படித்து, 1982இல் அமெரிக்கா போய், அங்கேயே முனைவர் பட்டம் வாங்கி, அந்த நாட்டுக் குடிமகளாகி, நாசாவில் விண்வெளி வீராங்கனையாகி, 1997இல் ஒருமுறை விண்வெளி போய் வந்தவர். அவர் யாருடையவர்? கர்னாலில் அவர் படித்த தாகூர் பால் நிகேதன் பள்ளியில், அவர் நல்லபடியாகத் தரையிறங்குவதைக் கொண்டாட அன்று மாலை குழந்தைகள் கூடியிருந்தார்கள். அந்தக் கூட்டமே அப்படியே துக்கக் கூட்டமாகிவிட்டது. அந்தப் பள்ளியிலிருந்து வருடா வருடம் மாணவர்கள் நாசாவைப் பார்த்துவர அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார். அந்தக் குழந்தைகளிடம் போய்க் குடியுரிமைக் கணக்குப் பேச முடியுமா? உரிமை கொண்டாடுவதில் தப்பில்லை என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஒரு துக்கம் நமக்குள் வர ஒரு வாசல் வேண்டும். கர்னால் என்ற ஊர்ப்பெயரும், நம் வீட்டுப் பெண் மாதிரி இருந்த அந்த முகமும்தான் எங்களுக்கு வாசல். ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டோம். என் நோட்டு அதற்குச் சாட்சி.

திங்கட்கிழமை பள்ளியில் பிரேயரின்போது ஒரு நிமிட மௌனம். தலைமையாசிரியை பேசும்போது குரல் உடைந்தது. அவர் அப்படி உடைந்து அதற்கு முன்பு பார்த்ததில்லை. புதன்கிழமை, பிப்ரவரி 5, பிரதமர் வாஜ்பாய் ஓர் அறிவிப்புச் செய்தார். முந்தைய செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. மூலம் ஏவிய மெட்சாட் வானிலைச் செயற்கைக்கோளுக்கு இனி கல்பனா-1 என்று பெயர். அந்தச் செய்தித் துண்டை நோட்டின் நடுப்பக்கத்தில் பூவெல்லாம் வரைந்து ஒட்டியிருக்கிறேன். அப்புறம் பல வருடம் புயல் சின்னம், மழை மேகம் என்று அந்தப் பெயரிலிருந்து படங்கள் வந்துகொண்டிருந்தன.

இதே நாட்களில் இஸ்ரேலில் இன்னொரு வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. எனக்கு அப்போது தெரியாது. அதே கலத்தில் போனவர், அந்த நாட்டின் முதல் விண்வெளி வீரர் இலான் ரமோன். அவருடைய அம்மா ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். ரமோன் தன்னுடன் ஒரு பென்சில் ஓவியத்தின் நகலைக் கொண்டுபோனார். நிலவில் நின்று பூமியைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று பீட்டர் கின்ஸ் என்ற பையன் வரைந்தது. அந்தப் பையன் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவன். குண்டுவெடிப்புச் செய்திகளாகவே வந்துகொண்டிருந்த காலத்தில், 16 நாள் அந்த மக்கள் வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். பிறகு இது.

ரமோன் விண்வெளியில் எழுதிய நாட்குறிப்பு இரண்டு மாதம் கழித்து டெக்சாஸில் ஒரு வயலில் கிடைத்தது. 37 பக்கங்கள் மிஞ்சின. தீயில் சிதறிய கலத்திலிருந்து 60 கிலோமீட்டர் கீழே விழுந்து, மழையிலும் வெயிலிலும் கிடந்த காகிதம். ஜெருசலேமில் நிபுணர்கள் அதை உட்கார்ந்து பிரித்தெடுத்தார்கள். அதில் ஒரு பக்கத்தில், சனிக்கிழமை ஓய்வுநாளை வரவேற்றுச் சொல்லும் பிரார்த்தனையை எழுதி வைத்திருந்தார். தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்பதற்காக உச்சரிப்புக் குறிகளோடு எழுதியிருந்தார். நாம் சாமி பாட்டை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போவதில்லையா, அப்படித்தான். இதைப் படித்தபோதுதான் ரமோன் எனக்கு ஒரு பெயராக இல்லாமல் ஆளாகத் தெரிந்தார். அவருடைய மூத்த மகன் அசாஃபும் விமானியாகி, 2009இல் பயிற்சிப் பறப்பில் போர்விமானம் விழுந்து இறந்தார். ஐலாத் பக்கத்தில் 2019இல் திறந்த விமான நிலையத்துக்கு அப்பா, மகன் இருவரின் நினைவாகவும் ரமோன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மறுபக்கமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஈராக் போர் தொடங்க ஏழு வாரம்கூட இல்லாத நேரம். அமெரிக்கர்களும் ஓர் இஸ்ரேலியரும் இருந்த கலம் விழுந்ததைக் கடவுள் கொடுத்த தண்டனை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கலத்தின் துண்டுகள் விழுந்த பகுதியில் பாலஸ்தீன் என்ற பெயரில் ஒரு டெக்சாஸ் ஊரும் இருந்ததால், அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. குண்டுக்குக் காத்திருந்த ஊர்களில் இருந்த கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும், ஃபுளோரிடாவில் ஓடுபாதை ஓரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த வீரர்களின் குழந்தைகள் யாருக்கும் எந்தத் தண்டனையும் பாக்கி வைத்திருக்கவில்லை. அங்கே பெரிய மின்கடிகாரம் ஒன்று உண்டு. தரையிறங்க எத்தனை நிமிடம் என்று எண்ணிக்கொண்டே குறையும். அன்று அது பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு, ஒன்று, இரண்டு என்று மேல்நோக்கி எண்ண ஆரம்பித்தது. கலம் வரவில்லை. ஏழு பேரில் ஒருவரான லாரல் கிளார்க்கின் மகனுக்கு அப்போது எட்டு வயது. என் மகளைவிட ஒரு வயதுதான் பெரியவன்.

அந்தப் பயணத்தில் இன்னும் சில குழந்தைகளும் ஒரு வகையில் இருந்தார்கள். ஆறு நாடுகளின் பள்ளி மாணவர்கள் அனுப்பிய சின்னச் சின்னச் சோதனைகள் கலத்துக்குள் இருந்தன. சீனாவிலிருந்து பட்டுப்புழு, ஆஸ்திரேலியாவிலிருந்து சிலந்தி, ஜப்பானிலிருந்து மீன் முட்டை. எடையில்லாத இடத்தில் சிலந்தி எப்படி வலை பின்னும் என்று மெல்போர்ன் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் படம் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது டி.வி.யில் பார்த்த விபத்து அல்ல. அவர்களுடைய சிலந்தியும், அந்தச் சிலந்தியைப் பார்த்துக்கொண்டவர்களும் போய்விட்டார்கள். 1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்தபோதும் பிள்ளைகள்தான் நேரலையில் பார்த்தார்கள், அதில் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற ஆசிரியை இருந்தார் என்பதால். பெரியவர்களின் விபத்துகளைப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும்படி ஆகிவிடுகிறது.

எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருப்பது ஹெம்ஃபில் பற்றி.

கிழக்கு டெக்சாஸில், லூசியானா எல்லைக்குப் பக்கத்தில், சபைன் கவுண்டியின் தலைநகர் அது. தலைநகர் என்றாலும் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர்தான். சுற்றிலும் பைன் மரக்காடு. அந்தச் சனிக்கிழமை காலை அங்கே எட்டு மணி. இடி மாதிரி ஒரு சத்தம், ஆனால் இடி மாதிரி நின்றுவிடாமல் நிமிடக்கணக்கில் நீண்ட சத்தம். ஜன்னல்கள் அதிர்ந்தன. எரிவாயுக் குழாய் வெடித்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள்; ரயில் கவிழ்ந்துவிட்டது என்று சிலர். அப்புறம் வானத்திலிருந்து பொருட்கள் விழ ஆரம்பித்தன. மாட்டுத் தொழுவம் பக்கம், சாலையில், கொல்லைப்புறத்தில். நாக்டோச்சஸ் நகரில் ஒரு வங்கியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு துண்டு விழுந்தது. சனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், பூ வைத்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. சில மணி நேரத்திலேயே கொலம்பியாவின் துண்டு விற்பனைக்கு என்று ஈபே இணையச் சந்தையில் விளம்பரம் வந்துவிட்டது. நிறுவனம் அதையெல்லாம் நீக்கியது. எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்தால் வழக்கில்லை என்று அரசு சில நாள் கெடு கொடுத்தது. எடுத்து வைத்திருந்த பலர் கொண்டுவந்து கொடுத்தார்கள். இந்தச் செய்தி அப்போது எங்கள் பத்திரிகையிலும் வந்தது, என் நோட்டில் இருக்கிறது. பக்கத்தில் 'சீ' என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அதே ஊர்களில் மற்றவர்கள் செய்தது எதுவும் என் நோட்டில் இல்லை. பல வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஹெம்ஃபில் சுற்றுவட்டாரத்தில்தான் ஏழு பேரின் உடல்களும் கிடைத்தன. எனவே தேடுதல் அங்கே குவிந்தது. முதல் நாட்களில் போனவர்கள் உள்ளூர் ஆட்கள்: தன்னார்வத் தீயணைப்புப் படை, மரம் வெட்டுகிறவர்கள், வேட்டைக்காரர்கள், அந்தக் காட்டின் ஒவ்வொரு ஓடையையும் அறிந்தவர்கள். பிப்ரவரி குளிர், மழை, முள்ளுக்கொடி. கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, ஓர் அடி வைப்பதும் பார்ப்பதுமாக நடந்தார்கள். என்ன கண்டுபிடிக்கப் போகிறோம் என்று தெரிந்தே நடந்தார்கள். உடல் கிடைத்த ஒவ்வோர் இடத்திலும் வேலையை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, உள்ளூர் போதகர் பிரார்த்தனை சொன்ன பிறகுதான் எடுத்துச் சென்றார்கள். அது ஏழு பேரில் யார் என்று அந்த நேரத்தில் அங்கே நின்றவர்களுக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, அமெரிக்கரா இஸ்ரேலியரா, கர்னாலில் பிறந்தவரா, தெரியாது. ஒரே பிரார்த்தனைதான். நான் வட்டம் போட்ட அந்த முகத்துக்கும் அவர்கள் அப்படித்தான் தலைகுனிந்து நின்றிருப்பார்கள்.

ஊர்ப் பெண்கள் முன்னாள் போர்வீரர்கள் சங்கக் கட்டடத்தில் சமையல் தொடங்கினார்கள். முதலில் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பிறகு கடைக்காரர்கள் கொடுத்தது. காட்டிலிருந்து சேறும் முள்ளுமாக வந்தவர்களுக்குச் சூடான சாப்பாடு, போகும்போது கையில் கட்டிக் கொடுத்த பொட்டலம். காசு வாங்கவில்லை. வாரக்கணக்கில் இது நடந்தது. நம் ஊரில் ஒரு சாவு வீட்டில் அடுப்பு எரியாதபோது பக்கத்து வீட்டிலிருந்து சோறு வருமே, அதைத்தான் ஓர் ஊரே சேர்ந்து, முன்பின் தெரியாத ஏழு பேருக்காகச் செய்தது. தங்கள் தலைக்கு மேலே வந்து விழுந்ததால் தங்கள் வீட்டுச் சாவாகவே அதை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு நாடு முழுவதிலுமிருந்து காட்டுத்தீ அணைக்கும் படைகள் வந்தன. பூர்வகுடி இளைஞர்களின் குழுக்கள் பல அதில் இருந்தன. மொத்தம் சுமார் 25,000 பேர். கால்நடையாக மட்டும் 6,80,000 ஏக்கருக்கு மேல் தேடினார்கள். 84,000 துண்டுகள் கிடைத்தன, கலத்தின் எடையில் 38 சதவீதம். மார்ச் 19 அன்று ஹெம்ஃபில் பக்கத்தில் ஒரு சரிவில் கிடைத்த பதிவுக்கருவிதான், இடது இறக்கையில் எந்த நொடியில் சூடு ஏற ஆரம்பித்தது என்பதைச் சொன்னது. மார்ச் 27இல் தேடிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் ஒன்று காட்டில் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஹெம்ஃபிலில் இன்று ஒரு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நினைவுகூர்வது ஏழு பேரை மட்டுமல்ல, இவர்களையும் சேர்த்து ஒன்பது பேரை.

என் நோட்டு பிப்ரவரி கடைசியோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் இருக்கும் இரண்டாவது வருத்தம் இது. விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது ஆகஸ்ட் 26இல். அப்போது நான் கல்லூரியில் சேர்ந்து, ஹாஸ்டல், ராகிங் பயம் என்று வேறு உலகத்தில் இருந்தேன். அழுத எங்களில் எத்தனை பேர் ஏன் என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தோம்?

நடந்தது இதுதான். ஜனவரி 16இல் கலம் கிளம்பி 82 நொடி ஆகவில்லை, வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைக்காப்புத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. எடை முக்கால் கிலோதான். ஐஸ் பெட்டியில் இருக்கும் தெர்மாகோல் மாதிரி லேசான பொருள். ஆனால் கலம் போன வேகத்தில் அது மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் மோதியது. மறுநாளே வீடியோவில் அதைப் பார்த்துவிட்டார்கள். பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். உளவு செயற்கைக்கோள் மூலம் இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டார்கள், ஒருமுறை அல்ல, மூன்று முறை. மேலதிகாரிகள் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். முன்பும் நுரை விழுந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை, இதுவும் அப்படித்தான் என்பது அவர்கள் நினைப்பு. ஜனவரி 23இல் கமாண்டருக்கும் விமானிக்கும் மின்னஞ்சல் போனது: நுரை பட்டிருக்கிறது, கவலைப்பட ஏதுமில்லை.

விபத்து நடந்த முதல் நாளே அந்த வீடியோவை டி.வி.யில் பார்த்த சாதாரண சனங்கள், இதுதானே அடித்தது என்று கேட்டார்கள். பிப்ரவரி 5இல்கூட விண்கலத் திட்ட மேலாளர், நுரைத் துண்டு காரணமாக இருக்கும் என்று நம்ப முடியவில்லை என்ற மாதிரிதான் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். ஜூலை 7இல் சான் ஆன்டோனியோவில் அதே அளவு நுரைத் துண்டை அதே வேகத்தில் இறக்கைப் பலகைமேல் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் அடித்துப் பார்த்தார்கள். ஒரு முழத்துக்கு ஒரு முழம் ஓட்டை விழுந்தது. அங்கே இருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். மீள்நுழைவின்போது அப்படி ஓர் ஓட்டை வழியாகத்தான் தீக்குழம்பு மாதிரியான காற்று இறக்கைக்குள் புகுந்திருக்கிறது. நுரை எவ்வளவு காரணமோ, அந்த நிறுவனத்தின் பழக்கவழக்கமும் அவ்வளவு காரணம் என்று அறிக்கை எழுதியது. அந்தக் குழுவில் இருந்த விண்வெளி வீராங்கனை சாலி ரைடு, சாலஞ்சர் விசாரணையிலும் இருந்தவர். 17 வருடம் கழித்து அதே பாட்டு மறுபடி கேட்கிறது என்று அவர் சொன்னார்.

ஒவ்வொரு பிப்ரவரி 1 அன்றும் எனக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு விஷயங்கள் வரும். ஒன்று, பாதி பகல் பாதி இரவாக ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் தெரியும் ஒரு படம். கொலம்பியாவிலிருந்து எடுத்த கடைசிப் படம் என்று எழுதியிருக்கும். அது கணினியில் சேர்த்துச் செய்த படம். 2003இலேயே மின்னஞ்சலில் சுற்றியது. பிரவுசிங் சென்டரில் பார்த்து நானே நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னொன்று, ஏழு பேரும் சாகப் போகிறார்கள் என்று நாசாவுக்கு முன்பே தெரியும், நிம்மதியாகச் சாகட்டும் என்று மறைத்துவிட்டார்கள் என்ற கதை. தயவுசெய்து இதை அனுப்பாதீர்கள். நாசாவுக்குத் தெரியாது. பார்க்கச் சொல்லிக் கெஞ்சியவர்கள் இருந்தும் பார்க்கவில்லை, அதனால் தெரியவில்லை. பார்த்திருந்தால் ஒரு வழி இருந்தது என்றும் அறிக்கை கணக்குப் போட்டிருக்கிறது: மார்ச்சில் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்த அட்லாண்டிஸ் விண்கலத்தை அவசரப்படுத்தி அனுப்பினால், பிப்ரவரி 15 வரை மேலேயே மூச்சைப் பிடித்துக் காத்திருக்க முடிந்த ஏழு பேரையும் மாற்றி ஏற்றியிருக்கலாம். ஆபத்தான முயற்சிதான், ஆனால் முடியாததல்ல. மறைத்தார்கள் என்ற கதையில் ஒரு வில்லன் கிடைக்கிறார், நம் மனசு அதில் திருப்தியாகிவிடுகிறது. 'போன தடவையும் ஒன்றும் ஆகவில்லையே' என்று சொல்லி ஒரு கோரிக்கையை மடித்து வைத்துவிடும் ஆளை நம் அலுவலகத்திலும் பார்க்கலாம். நானே அப்படி மடித்து வைத்த நாட்கள் உண்டு. அது என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

துக்கத்தில் வைத்த பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. துணிவுக்கும் சாகசத்துக்கும் சுதந்திர தினத்தன்று தமிழக அரசு பெண்களுக்குக் கொடுக்கும் விருது, கல்பனா சாவ்லா பெயரில். 2020இல் அதைப் பெற்றவர்கள் பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்த மூன்று பெண்கள். கொட்டரை நீர்த்தேக்கத்தில் துணி துவைக்கப் போன இடத்தில் இளைஞர்கள் மூழ்குவதைப் பார்த்து, உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி, இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தவர்கள். இரண்டு பையன்களைக் காப்பாற்ற முடியவில்லை. இந்தப் பெண்கள் விமானத்தில்கூட ஏறியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் அந்தப் பெயர் அவர்களிடம் போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

இன்னொன்று செவ்வாய்க் கிரகத்தில். 2004இல் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி இறங்கிய இடத்திலிருந்து தெரிந்த குன்றுகளுக்கு ஏழு பேரின் பெயரையும் வைத்தார்கள். வரிசையாக நிற்கின்றன. ஹஸ்பண்ட் குன்றின் உச்சியில் அந்த ஊர்தி 2005இல் ஏறி நின்று சுற்றிலும் படமெடுத்தது. சாவ்லா குன்றும் ரமோன் குன்றும் அங்கே ஒரே மண்ணில், ஒரே வரிசையில்.

சரி, பேட்ஜ். நோட்டில் இருந்த படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். விண்கலத்தின் வடிவத்திலேயே வெட்டிய சின்னம். பெரும்பாலும் லாரல் கிளார்க் வரைந்தது. ஓரத்தைச் சுற்றி ஏழு பெயர்கள், ரமோன் பெயருக்குப் பக்கத்தில் இஸ்ரேல் கொடி, உள்ளே சூரிய உதயம், புறா நட்சத்திரக் கூட்டத்தின் ஏழு நட்சத்திரங்கள். டெய்லர் அண்ணன் வெள்ளைத் துணியில் வடிவத்தை வெட்டி, நீல நூலில் ஓரம் அடித்துக் கொடுத்தார். பெயர்களை நான் மார்க்கரில் தமிழில் எழுதினேன்.

"இவங்கல்லாம் யாரும்மா?" என்று மகள் கேட்டாள்.

"கல்பனா சாவ்லாகூடப் போனவங்க."

"அவங்க திரும்பி வந்தாங்களா?"

"இல்லடா. யாரும் வரல."

கொஞ்ச நேரம் பேட்ஜையே தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம், "அப்ப அவங்க பேரையும் சொல்லணும்ல" என்றாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

போட்டியன்று மேடையில் ஏறி, "என் பெயர் கல்பனா சாவ்லா. நான் கர்னாலில் பிறந்தேன். நான் விண்வெளிக்குப் போனேன்" என்றாள். வழக்கம்போல அந்த இடத்தில் கை தட்டினார்கள். தட்டி முடிக்கும்வரை நின்றாள். பிறகு நெஞ்சில் இருந்த பேட்ஜைக் கையால் பிடித்துத் திருப்பி, குனிந்து பார்த்து, "என்கூட வந்தவங்க, ரிக் ஹஸ்பண்ட், வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், லாரல் கிளார்க்" என்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். கடைசிப் பெயரில் தடுமாறினாள். மறுபடி முதலிலிருந்து எடுத்து, இலான் ரமோன் என்று சரியாகச் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.